செம்பின் தராசு யார் கையில்?

(சங்கத்தின் மாதாந்திரக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை. வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டபடி இங்கே வெளியிடப்படுகிறது.)



இன்று செம்பு வியாபாரத்தைப் பற்றிப் பேசப் போகிறோம் என்று நோட்டீசில் பார்த்ததும் உங்களில் சிலர் சிரித்திருப்பீர்கள். வாடகையைப் பற்றிப் பேசலாம், ரேஷன் கார்டைப் பற்றிப் பேசலாம், தண்ணீர்க் குழாயைப் பற்றிப் பேசலாம். உலகச் சந்தையில் செம்பு என்ன விலை விற்றால் நமக்கென்ன, நாம் என்ன பாத்திரக்கடை முதலாளிகளா என்று கேட்டிருப்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதில் சொல்வதற்கு முன் நம் தெருவில் நடந்த ஒரு சம்பவத்தை நினைவுபடுத்திவிட்டுத் தொடங்குகிறோம்.

மழைக்காலம் தொடங்குவதற்குச் சற்று முன்பு, பழைய கம்பி பொறுக்கி விற்கும் நம் பையன் ஒருவனை ரயில்வே பாதுகாப்புப் படையினர் பிடித்துக்கொண்டு போனார்கள். வயது பத்தொன்பது. சாக்கில் இருந்தது எரித்த கம்பி. அதற்குள்ளே ஒரு முழ நீளத்துக்குத் தடித்த துண்டு ஒன்று. அவனுடைய அப்பா எங்களிடம் ஓடிவந்தார். ரயில்வேயில் பேனா பிடித்துப் பிழைக்கிறவர்கள் ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று நம்பினார். போய்ப் பார்த்தோம். அந்தத் துண்டின் இரண்டு பக்கமும் நீளவாக்கில் காடி இருந்தது. அது என்ன கம்பி என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மின்சார ரயிலின் தலைக்குமேலே போகிற கம்பி அது. எங்களுக்கு வாயடைத்துப் போயிற்று.

யாரோ கொடுத்த மூட்டையில் அது கலந்திருந்தது என்கிறான் பையன். நாங்கள் அவனை நம்புகிறோம். ஆனால் ரசீது ஏது? ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பது பற்றி 1966-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன்படி, பொருள் நியாயமான வழியில் வந்தது என்று கையில் வைத்திருப்பவன்தான் நிரூபிக்க வேண்டும். முதல் குற்றத்துக்கே 5 ஆண்டு வரை சிறை உண்டு. பையன் இப்போது ஜாமீனில் இருக்கிறான், வழக்கு நடக்கிறது. தினமும் அவனிடம் மூட்டையை வாங்கிய பங்கார்க் கடைக்காரர், "இவனை நான் பார்த்ததே இல்லை" என்று கைகழுவிவிட்டார்.

அன்று இரவு அந்தப் பையனுடைய தாய் எங்களிடம் கேட்டார்: "அண்ணாச்சி, அவன் தெனமும் சொமந்துட்டுப் போறது என்ன வெல போவுதுன்னாவது உங்களுக்குத் தெரியுமா? எங்களுக்குத் தெரியாது. அவனுக்கும் தெரியாது. கடைக்காரரு சொல்றதுதான் வெல."

எங்களுக்கும் தெரியவில்லை, தோழர்களே. ஊரார் சரக்கை எல்லாம் எடைபோட்டு ரசீது எழுதிக் காலம் தள்ளுகிற எங்களுக்கு, நம் தெருவிலிருந்து தினமும் போகிற சரக்கின் விலை தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் போனபோது கிடைத்ததைத்தான் இப்போது உங்கள்முன் வைக்கிறோம்.

வீட்டுக்குள் இருக்கும் செம்பு

முதலில் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். ஊரிலிருந்து கொண்டுவந்த குடம் பித்தளை. பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. கோயில் மணி வெண்கலம். அது செம்பும் வெள்ளீயமும் சேர்ந்தது. கல்யாணச் சீராக வந்த நாச்சியார்கோயில் குத்துவிளக்கிலும் செம்பு இருக்கிறது. இவை பழைய தலைமுறைச் செம்பு. மின்விசிறியின் உள்ளே சுற்றியிருக்கும் கம்பி, சுவருக்குள் ஓடும் ஒயர், பிளக்கின் முள், செல்போனின் உள்பாகம், இவை எல்லாம் புதிய தலைமுறைச் செம்பு. மின்சாரம் போகும் இடமெல்லாம் செம்பும் போகிறது.

நாம் தினமும் ஏறி இறங்கும் லோக்கல் ரயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 1925 பிப்ரவரி 3-ஆம் தேதி விக்டோரியா டெர்மினசுக்கும் குர்லாவுக்கும் இடையே இந்தியாவின் முதல் மின்சார ரயில் ஓடிய நாளிலிருந்து, தலைக்குமேலே செம்புக் கம்பி போய்க்கொண்டிருக்கிறது. இன்று ரயில்வே போடும் அந்தக் கம்பி, குறுக்கே வெட்டினால் 107 சதுர மில்லிமீட்டர். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு அந்த ஒற்றைக் கம்பி மட்டும் ஏறக்குறைய ஒரு டன் எடை வரும். நாட்டின் அகலப்பாதை முழுவதும் அநேகமாக மின்மயமாகிவிட்டது. எவ்வளவு செம்பு என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இந்தச் செம்பு நம் மண்ணில் கிடைக்கிறதா? கொஞ்சம் கிடைக்கிறது. ராஜஸ்தானில் கேத்ரி, மத்தியப் பிரதேசத்தில் மலாஞ்ச்கண்ட், ஜார்க்கண்டில் காட்சிலா ஆகிய இடங்களில், 1967-ல் அமைந்த இந்துஸ்தான் காப்பர் என்ற அரசு நிறுவனம் தோண்டுகிறது. அது நாட்டின் தேவையில் மிகச் சிறிய பங்கு. நம் உருக்காலைகளுக்கு வேண்டிய தாதுப்பொடியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கப்பலில் வருகிறது. சிலியிலிருந்தும் பெருவிலிருந்தும் இன்னும் பல தேசங்களிலிருந்தும் வருகிறது. ஆகவே நம் தெருவின் விலை நம் தெருவில் பிறப்பதில்லை. பம்பாயிலும் பிறப்பதில்லை.

விலை எங்கே பிறக்கிறது?

லண்டனில் பிறக்கிறது. 1877-ல் அங்கே உலோக வியாபாரிகள் ஒரு சந்தையை அமைத்தார்கள். லண்டன் உலோகச் சந்தை என்று அதற்குப் பெயர். அந்தக் காலத்தில் சிலியிலிருந்து செம்பும் மலாயாவிலிருந்து வெள்ளீயமும் கப்பலில் வந்துசேர ஏறத்தாழ மூன்று மாதம் ஆகும். சரக்கு கடலில் இருக்கும்போதே மூன்று மாதம் கழித்து என்ன விலை என்று பேசி முடித்துக்கொண்டார்கள். இன்று கப்பல் வேகமாகப் போகிறது. ஆனாலும் அந்த மூன்று மாதப் பேரம் அப்படியே இருக்கிறது. 2012 முதல் அந்தச் சந்தை ஹாங்காங் பங்குச் சந்தை நிறுவனத்துக்குச் சொந்தம். லண்டனோடு நியூயார்க்கும் ஷாங்காயும் சேர்ந்து இன்று உலகத்துக்கு விலை சொல்கின்றன.

அங்கே கைமாறுவதில் பெரும்பகுதி காகிதம். செம்பைக் கண்ணால் பார்க்காதவர்கள், நாளை விலை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுகிறார்கள். 1996-ல் வெளியான ஒரு சங்கதியைக் கேளுங்கள். ஜப்பானின் சுமிடோமோ கம்பெனியில் யாசுவோ ஹமனாகா என்று ஓர் அதிகாரி. உலகச் செம்பு வியாபாரத்தில் நூற்றுக்கு ஐந்து அவர் கையில் என்று சந்தையில் பட்டப்பெயரே வைத்திருந்தார்கள். கணக்கில் காட்டாத வியாபாரத்தால் பல ஆண்டுகள் விலையைத் தூக்கிப் பிடித்தார். குட்டு உடைந்தபோது கம்பெனிக்கு நஷ்டம் 260 கோடி டாலர். விலை சரிந்தது. சுரங்கத்தில் எவனும் ஒரு கூடை மண்கூடக் கூடுதலாகத் தோண்டவில்லை.

விலையின் ஆட்டத்தைப் பாருங்கள். 2001-ன் கடைசியில் ஒரு டன் செம்பு 1,400 டாலருக்கும் கீழே. 2008 ஜூலையில் 8,000 டாலருக்கும் மேலே. அதே ஆண்டு டிசம்பரில் 3,000-க்கும் கீழே. 2011-ல் 10,000-ஐத் தாண்டியது. 2024 மே மாதத்தில் 11,000-ஐத் தாண்டியது. 2025 ஜூலையில் அமெரிக்க ஜனாதிபதி செம்புக்கு 50 சதவிகித வரி என்று அறிவித்தார். நியூயார்க்கில் விலை எகிறியது. அந்த மாதக் கடைசியில், சுத்திகரித்த செம்புக்கு அந்த வரி கிடையாது என்றார். ஒரே நாளில் நியூயார்க் விலை ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. ஒரு கையெழுத்தில் ஏறி, ஒரு கையெழுத்தில் இறங்கியது.

அந்தத் தாய் கேட்ட கேள்விக்குக் கணக்கு இங்கேதான் கிடைக்கிறது. 2024 மே மாதத்தில் டன்னுக்கு 11,000 டாலர், டாலருக்குச் சுமார் 83 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், கிலோவுக்கு 910 ரூபாய்க்கு மேல் வருகிறது. இது சுத்தமான செம்புத் தகட்டின் விலை. பழைய கம்பிக்கு இதைவிடக் குறையத்தான் செய்யும். எவ்வளவு குறைய வேண்டும் என்பதில்தான் நம் வயிற்றுப்பாடு இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறோம்.

தோண்டியவனுக்குக் கிடைத்தது

விலையைச் சொல்கிறவன் லண்டனில் இருக்கிறான். தோண்டுகிறவன் எங்கே இருக்கிறான்? உலகத்தில் அதிகச் செம்பு எடுப்பது சிலி. ஆண்டுக்கு ஐம்பது லட்சம் டன்னுக்கு மேல். அடுத்த இடத்துக்கு இப்போது ஆப்பிரிக்காவின் காங்கோ வந்துவிட்டது. பிறகு பெரு.

சிலியின் பெரிய சுரங்கங்கள் அனகோண்டா, கென்னக்காட் என்ற அமெரிக்கக் கம்பெனிகளின் கையில் இருந்தன. செம்புதான் சிலியின் சம்பளம் என்றார் சால்வடார் அயெண்டே. 1971 ஜூலையில் சுரங்கங்களை நாட்டுடைமையாக்கும் திருத்தத்தை அந்த நாட்டுக் காங்கிரஸ் ஒரு குரலில் நிறைவேற்றியது. எதிர்க்கட்சிக்காரர்களும் கை தூக்கினார்கள். கம்பெனிகள் அதுவரை அடித்த அளவுக்கு மீறிய லாபத்தை நஷ்டஈட்டிலிருந்து கழித்தார் அயெண்டே. கென்னக்காட் ஐரோப்பிய நீதிமன்றங்களுக்குப் போய், சிலியிலிருந்து வரும் செம்பின்மேல் வழக்குப் போட்டது. அமெரிக்க அரசு சிலிக்குக் கடன் கிடைக்கும் வழிகளை அடைத்தது. 1973 செப்டம்பர் 11-ல் ராணுவம் ஜனாதிபதி மாளிகையைக் குண்டு வீசித் தாக்கியது. அயெண்டே அன்று உயிரோடு வெளியே வரவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ஆட்சியைப் பிடித்த ராணுவம்கூட அந்தப் பெரிய சுரங்கங்களைக் கம்பெனிகளுக்குத் திருப்பிக் கொடுக்கவில்லை. 1976-ல் கொடெல்கோ என்ற அரசு நிறுவனமாக்கி வைத்துக்கொண்டது. அதன் ஏற்றுமதி வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு ராணுவத்துக்குப் போக வேண்டும் என்ற சட்டம் 2019-ல்தான் நீக்கப்பட்டது. கறக்கிற மாட்டை யாரும் விடுவதில்லை!

சாம்பியாவுக்கு வாருங்கள். 1964-ல் சுதந்திரம் பெற்ற நாடு. ஏற்றுமதி வருமானத்தில் 90 சதவிகிதத்துக்கு மேல் செம்பு. 1969-ல் சுரங்கங்களில் 51 சதவிகிதப் பங்கை அரசு எடுப்பதாக அறிவித்தார்கள். ஒரே ஒரு பொருளை நம்பிய குடும்பம் அது. 1974 ஏப்ரலில் உச்சத்துக்குப் போன செம்பு விலை, அந்த ஆண்டு முடிவதற்குள் பாதிக்கும் கீழே விழுந்தது. ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கடன் வாங்கினார்கள். கடன் கழுத்தை நெரித்தபோது, 1990-களின் கடைசியில் சுரங்கங்களை ஒவ்வொன்றாக விற்றார்கள்.

ஒற்றுமையாக நின்றார்களா என்று கேட்பீர்கள். நின்று பார்த்தார்கள். 1967-ல் சிலி, பெரு, சாம்பியா, பிறகு சில காலம் ஜயர் என்றும் இன்று காங்கோ என்றும் சொல்கிற நாடு, நான்கும் சாம்பியாவின் தலைநகர் லுசாகாவில் கூடி ஒரு கூட்டமைப்பை ஏற்படுத்தின. எண்ணெய் நாடுகள் 1973-ல் விலையை ஏற்றியதைப் பார்த்து இவர்களுக்கும் தைரியம் வந்தது. விலை விழுந்தபிறகு, 1974 கடைசியில், ஏற்றுமதியைப் பத்துச் சதவிகிதம் குறைப்பதாகவும், அடுத்த ஆண்டு பதினைந்து சதவிகிதம் குறைப்பதாகவும் முடிவு செய்தார்கள். விலை அசையவில்லை.

ஏன் அசையவில்லை? மூன்று காரணம் சொல்லலாம். விலை விழுந்தபிறகு கூடினார்கள்; கிடங்கில் சரக்கு ஏற்கெனவே குவிந்திருந்தது. கூட்டமைப்பில் சேராத அமெரிக்கா, கனடா போன்ற நாடுகளும் செம்பு தோண்டின. செம்புக்குப் பதிலாக அலுமினியக் கம்பியும் வந்தது. மூன்றாவது காரணம் நம் தெருவுக்கு வருகிறது. எண்ணெயை எரித்தால் போயிற்று. செம்பு போவதில்லை. பழைய கம்பியை உருக்கினால் மறுபடி அதே செம்பு, தரம் குறையாது. உலகம் பயன்படுத்தும் செம்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பழைய சரக்கிலிருந்து வருகிறது. சுரங்கக்காரன் கையைக் கட்டிக்கொண்டால் பங்கார்க் கடையின் கதவு திறக்கிறது. தோழர்களே, நம் பையன் சுமந்த சாக்கும் சிலியின் சுரங்கமும் ஒரே தராசில்தான் இருக்கின்றன. ஆனால் அந்தத் தராசை இவனும் பார்த்ததில்லை, அவனும் பார்த்ததில்லை.

உருக்கிய இடத்தில் கிடைத்தது

தோண்டிய தாதை உருக்க வேண்டும். தாதில் கந்தகம் இருக்கிறது, ஆர்செனிக் இருக்கிறது. புகை போகும் வழியும் கசடு கொட்டும் இடமும் யாருடைய ஊர் என்பதுதான் கேள்வி.

இது நம் சொந்த ஊர்க் கதை. இந்தச் சபையில் பாதிப்பேர் தூத்துக்குடி, திருநெல்வேலிச் சீமைக்காரர்கள். ஸ்டெர்லைட் கம்பெனியின் உருக்காலை முதலில் வருவதாக இருந்தது நாம் இருக்கும் இந்த மகாராஷ்டிரத்தில், ரத்னகிரியில். மாந்தோப்பு விவசாயிகளும் மீனவர்களும் எதிர்த்தார்கள். 1990-களின் தொடக்கத்தில் வேலை நின்றது. கொங்கண் மாங்காய் தப்பியது. ஆலை நம் கடற்கரைக்கு வந்தது. 1994-ல் அடிக்கல், அடுத்த இரண்டு மூன்று ஆண்டுகளில் உற்பத்தி. ஆண்டுக்கு 4 லட்சம் டன் என்ற அளவுக்கு வளர்ந்தது.

அந்தக் கம்பெனியின் தலைவர் அனில் அகர்வால், 1970-களில் பீகாரிலிருந்து பம்பாய்க்குப் பிழைக்க வந்து, கேபிள் கம்பெனிகளின் கழிவுக் கம்பியை வாங்கி விற்று வியாபாரத்தைத் தொடங்கியவர். நம்மைப் போல வந்தவர்தான். ஒரே பழைய கம்பியிலிருந்து ஒருவர் உலகக் கம்பெனி ஆனார். நம் பிள்ளைகள் அதே கம்பியை எரித்து இருமிக்கொண்டிருக்கிறார்கள். இதை அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். முதலும் கடனும் விலைச் செய்தியும் எவன் கைக்கு எட்டுகிறது என்றும் பார்க்கலாம்.

2013-ல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கெடுத்ததற்காக அந்த ஆலை 100 கோடி ரூபாய் கட்ட வேண்டும் என்றது. 2018 மே 22-ஆம் தேதி, போராட்டத்தின் நூறாவது நாள், மக்கள் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் சுட்டதில் 13 பேர் செத்தார்கள். அந்தச் சாவு வீடுகளில் ஒன்றிரண்டுக்கு இந்தத் தெருவிலிருந்தே ரயில் ஏறிப் போனவர்கள் இருக்கிறார்கள். துப்பாக்கிச் சூட்டுக்குத் தூண்டுதல் ஏதும் இல்லை என்று நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையம் சொன்னது. அறிக்கை 2022-ல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது. 2018 மே 28-ல் அரசு ஆலையை மூடியது. 2020-ல் உயர் நீதிமன்றமும், 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றமும் மூடியது செல்லும் என்று தீர்ப்பளித்தன.

இதே கம்பெனிக் குழுமம் 2004-ல் சாம்பியாவின் கொன்கோலா சுரங்கங்களை வாங்கியது. அங்கே சிங்கோலா ஊர்ப் பக்கத்துக் கிராமத்தார் 1,826 பேர், எங்கள் ஆற்றுத் தண்ணீர் கெட்டது என்று லண்டன் வரைக்கும் வழக்குக்குப் போனார்கள். தாய்க் கம்பெனியின் மேல் இங்கிலாந்திலேயே வழக்கு நடத்தலாம் என்று 2019 ஏப்ரலில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம் சொன்னது. 2021-ல், பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே, கம்பெனி சமரசம் செய்துகொண்டது. தூத்துக்குடிக்காரனும் சிங்கோலாக்காரனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. இருவர் வழக்கும் ஒரே வழக்கு.

மறுபக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஆலை மூடியதும் அங்கே வேலை செய்த ஆயிரக்கணக்கான குடும்பங்களும் லாரிக்காரர்களும் திண்டாடினார்கள். அவர்களிலும் சிலர் வேலை தேடி இங்கே வந்து சேர்ந்திருக்கிறார்கள். செம்பை ஏற்றுமதி செய்துகொண்டிருந்த இந்தியா 2018-19-ல் இறக்குமதி செய்யும் நாடாக மாறியது. புதிய உருக்காலை 2024-ல் குஜராத்தின் முந்திராவில் தொடங்கிவிட்டது. செம்பு வேண்டாம் என்று நாம் சொல்ல முடியாது. தலைக்குமேலே கம்பி இல்லாவிட்டால் நாளைக் காலை நமக்கு வேலைக்குப் போக வண்டி இல்லை. செம்பு வேண்டும், அதன் விஷம் யார் தலையில் என்பதை அந்த ஊர் மக்களைக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. சங்கத்தின் நிலை இதுதான்.

பொறுக்குகிறவனுக்கு வருவோம்

இப்போது நம் சாக்குக்கு வருவோம். உலகமெங்கும் பழைய செம்பும் பித்தளையும் கப்பலில் போய்வருகின்றன. வியாபாரிகளுக்குள் ஒரு குறிச்சொல் உண்டு. தந்தியில் ஒரே சொல்லில் சரக்கைச் சொல்வதற்காக வைத்த பெயர்கள் போல இருக்கும். தோல் உரித்த சுத்தமான செம்புக் கம்பிக்கு 'பார்லி', 'பெர்ரி'. அடுத்த தரக் கம்பிக்கு 'பிர்ச்'. தோலோடு உள்ள ஒயருக்கு 'ட்ரூயிட்'. மஞ்சள் பித்தளைக்கு 'ஹனி', அதாவது தேன். குஜராத்தின் ஜாம்நகரில் ஆயிரக்கணக்கான சிறு பட்டறைகள் வெளிநாட்டிலிருந்து வரும் இந்தத் 'தேனை' உருக்கித் திருகாணியும் பிளக் முள்ளும் செய்கின்றன. உங்கள் வீட்டு பிளக்கின் முள், எங்கோ ஒரு நாட்டில் உடைத்த வீட்டின் குழாயாக இருந்திருக்கலாம்.

பேர் தெரிந்தால் என்ன லாபம்? கேளுங்கள். 'பெர்ரி' என்ற முதல் தரத்துக்கு ஒரு நிபந்தனை, எரிந்து நொறுங்கும் கம்பி அதில் இருக்கக் கூடாது. நம் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? தோலை உரிக்கச் சோம்பி, ராத்திரியில் சாக்கடை ஓரத்தில் போட்டு எரிக்கிறார்கள். எரித்தவுடனே முதல் தரம் இரண்டாம் தரம் ஆகிவிடுகிறது. பணமும் போயிற்று. அந்தப் பிளாஸ்டிக் புகையில் அமிலப் புகையும் டையாக்சின் என்ற விஷமும் வருகின்றன. கூட இருக்கும் செம்பே அந்த விஷம் உண்டாவதற்கு உதவுகிறது. தூத்துக்குடியில் ஆலைப் புகைக்கு எதிராக உயிர் கொடுத்தார்கள். இங்கே நாமே நம் குழந்தை தூங்கும் இடத்தில் ஒரு சின்ன ஆலையை வைத்து எரிக்கிறோம்.

அடுத்தது தராசு. பாயதுனிப் பக்கம் பாத்திரக்காரர்கள் பஜாருக்குத் தாம்பாகாண்டா என்று பெயர். பெயரிலேயே செம்பும் தராசும் இருக்கின்றன. நம் தெருவில் சங்கத் தோழர்கள் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். நன்றாக எடைபோட்ட பத்துக் கிலோ சரக்கைக் கொண்டுபோனார்கள். ஒரு கடைத் தராசு ஒன்பதே கால் காட்டியது. தராசில் அரசு முத்திரை இல்லை. அதே நாளில், அதே மாதிரிக் கம்பிக்கு, மூன்று வீட்டாருக்கு மூன்று விலை. கேள்வி கேட்ட வீட்டுக்கு அதிகம். முன்பணம் வாங்கிய வீட்டுக்குக் குறைவு. ஏன் என்று விளக்க வேண்டுமா?

கடைக்காரர்கள் எல்லாரும் திருடர்கள் என்று சொல்ல வரவில்லை. அவர்களுக்கும் இடவாடகை உண்டு, வண்டிக்கூலி உண்டு, வரி உண்டு, வட்டி உண்டு. விலை விழுந்தால் கையிருப்பில் அடி உண்டு. அந்த நியாயமான கழிவை நாம் கொடுக்கத்தான் வேண்டும். அதற்குமேல் நம் அறியாமைக்காக ஒரு கழிவு, நாம் தனித்தனியாகப் போவதற்காக ஒரு கழிவு என்று பிடிக்கிறார்களே, அதைத்தான் நிறுத்தச் சொல்கிறோம்.

நாம் செய்யக் கூடியது

நிர்வாகக் குழுவில் பேசி, நான்கு முடிவுகளை உங்கள் ஒப்புதலுக்கு வைக்கிறோம்.

முதலாவது, விலைப் பலகை. நம் ஊரிலேயே உள்ள எம்.சி.எக்ஸ். சரக்குச் சந்தையில் செம்பு கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்று விலை ஓடுகிறது. செல்போன் உள்ள எந்தப் பிள்ளையும் பார்க்கலாம். தினமும் காலையில் அந்த விலையையும், முந்தைய நாள் பழைய கம்பிக்கும் பித்தளைக்கும் கிடைத்த விலையையும் சங்க வாசலில் எழுதிப்போட வேண்டும். எழுதும் பொறுப்பை மாதர் குழு ஏற்றுக்கொண்டிருக்கிறது.

இரண்டாவது, தராசு. முத்திரை போட்ட தராசு ஒன்றைச் சங்கம் வாங்கும். கடைக்குப் போகுமுன் இங்கே எடைபோட்டுச் சீட்டு வாங்கிப் போகலாம். எடை எழுதத் தெரிந்த குமாஸ்தாக்கள் இந்தச் சங்கத்தில் பஞ்சமில்லை. சாயங்காலம் முறைபோட்டு உட்காருகிறோம்.

மூன்றாவது, எரிப்பதை நிறுத்துவது. தோல் உரிக்கும் சிறு கையந்திரம் இருக்கிறது. நாலைந்து குடும்பம் சேர்ந்து ஒன்று வாங்கலாம். சங்கம் முன்பணம் தரும். தரம் பிரித்து, மாதம் இரண்டு முறை சேர்த்து விற்போம். லுசாகாவில் கூடியவர்கள் விலை விழுந்தபிறகு கூடினார்கள். நாம் விலை இருக்கும்போதே கூடுவோம்.

நான்காவது, இதில் விட்டுக்கொடுக்க முடியாது. காடி வெட்டிய கம்பியோ, ரயில்வேயின் கேபிளோ, மின்வாரியத்தின் ஒயரோ மூட்டையில் இருந்தால் அதைத் தொடக் கூடாது. சங்கத்தின் தராசில் அது ஏறாது. வாங்குகிற ஒவ்வொரு மூட்டைக்கும் யாரிடம் வாங்கினோம் என்று நோட்டில் எழுதி, கொடுத்தவனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். ரயில்வேச் சோற்றைத் தின்கிறவர்கள் என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அந்தக் கம்பி அறுந்தால் நடுவழியில் நிற்கிற வண்டியில் நம் தங்கைகள்தான் இருக்கிறார்கள். பிடிபட்டால் உள்ளே போவது நம் பையன். வாங்கியவர், "பார்த்ததே இல்லை" என்பார்.

இதனால் லண்டன் சந்தை ஆடிப்போய்விடாது. அயெண்டேயால் முடியாதது, நான்கு தேசங்களால் முடியாதது, நம் சந்தால் முடியும் என்று சொன்னால் நீங்களே சிரிப்பீர்கள். நமக்குக் கிடைக்கப்போவது கிலோவுக்குச் சில ரூபாயும், ஒரு நோட்டுப் புத்தகமும், ராத்திரியில் புகையில்லாத மூச்சும்தான். அந்த நோட்டு ஒன்று இருந்திருந்தால் நம் பையன் இன்று கோர்ட்டு வாசலில் நின்றிருக்க மாட்டான்.

அந்தத் தாய் இதோ முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். தாயே, உங்கள் மகன் சுமந்தது என்ன விலை என்று இப்போது சொல்லிவிட்டோம். அன்றைக்குச் சொல்லத் தெரியாமல் போனதற்காகச் சங்கத்தின் சார்பில் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறோம். வழக்கு அடுத்த வாய்தாவுக்கு வக்கீல் செலவைச் சங்கம் ஏற்கிறது. கூட வர நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் வரக் கூடியவர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.

நான்கு முடிவுகளையும் இப்போது ஒவ்வொன்றாக ஓட்டுக்கு விடுகிறோம். சம்மதம் உள்ளவர்கள் கை தூக்குங்கள். எதிர்ப்பு உள்ளவர்கள் எழுந்து காரணம் சொல்லுங்கள், கேட்கிறோம்.